மெல்லிய எடையின் பெரிய சாம்பியன்களும் அவர்களைத் திணறடித்தவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் எனக்கு ஒரு சின்னப் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. போன், ரேடியோ, சிலவேளை மின்விசிறியும் வரும். சுவரில் ஒரு பழைய ரிவி. ஞாயிறு காலைகளில் அதில் குத்துச்சண்டை ஓடும், கடை வாசலில் சைக்கிள்கள் நிற்கும். போட்டி முடிந்த பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கும்: யார் பெரியவன், யார் யாரை வென்றிருப்பான் என்று. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில் எழுதிவைத்தால் என் தொண்டைக்கு நல்லது என்று தோன்றியது.

எல்லாரும் அலி, டைசன் என்று கதைக்கும்போது நீங்கள் ஏன் சின்ன எடைக்காரரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

முதல் காரணம் உடம்பு. கடைக்கு வருகிற பெடியளைத் தராசில் ஏற்றினால் அநேகம் பேர் 50 கிலோவுக்கும் 62 கிலோவுக்கும் இடையில்தான் நிற்பார்கள். வயலுக்குப் போகிற யூரியாப் பை ஒன்று 50 கிலோ. ஏறக்குறைய அந்தப் பையின் எடையில் இருக்கிற ஒருவன் உலகப் பட்டம் எடுக்கிறான் என்றால் எங்கள் ஆக்களுக்கு அது விளங்குகிற விஷயம். டைசன் வேறு ஊர் ஆள். ஜப்பானின் சின்ன எடைச் சாம்பியன் நவோயா இனோவே வவுனியா பஸ்ஸில் பக்கத்து சீற்றில் வந்து இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது காரணம், பெரிய எடையில் ஒரு குத்தோடு கதை முடிந்துவிடலாம். சின்ன எடையில் ஒரு குத்து அப்படிச் சுலபமாக முடிக்காது. பன்னிரண்டு சுற்றும் யோசிக்க வேண்டும், மாற்ற வேண்டும், மாற்றியதைத் திரும்ப மாற்ற வேண்டும். பார்க்கிறவனுக்கு அதில்தான் ருசி.

எடைப் பிரிவுகள் தலையைச் சுற்றுகின்றன. கிலோவில் சொல்ல முடியுமா?

எங்கள் கடைப் பெடியள் இவற்றுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள், நானும் அதையே எழுதுகிறேன். மிகச் சின்னது வைக்கோல் எடை, 47.6 கிலோ. அதற்கு மேல் ஈ எடை 50.8, சேவல் எடை 53.5, இறகு எடை 57.2, லைட் எடை 61.2. இவற்றுக்கு நடுவில் சின்னச் சின்னப் படிகள் உண்டு. ஈ எடைக்குக் கீழே 49, மேலே 52.2 என்று. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு கிலோதான். நாங்கள் ஒரு கல்யாணவீட்டில் சாப்பிட்டு ஏற்றுகிற எடை. மேடையில் அந்த இரண்டு கிலோ பெரிய மலை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பட்டம் கொடுக்க நான்கு அமைப்புகள் இருக்கின்றன. அதனால் ஒரே எடையில் ஒரே நேரத்தில் நான்கு "உலக சாம்பியன்கள்" இருக்கலாம். ஒருவரே நான்கையும் கட்டினால்தான் மறுபேச்சில்லாத சாம்பியன்.

ஒருவரோடு ஒருவர் மோதாதவர்களை எப்படி ஒப்பிடுவது? வெறும் வாய்ச்சண்டைதானே?

பாதி வாய்ச்சண்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. தோல்வியே இல்லாத கணக்கை நான் முதலில் பார்ப்பதில்லை, எத்தனை நொக் அவுட் என்பதையும் பார்ப்பதில்லை. ஒரு சாம்பியனை மிக மோசமாகத் திணறடித்தவன் யார், அவனோடு இரண்டாம் முறை ஏறும்போது சாம்பியன் எதை மாற்றிக்கொண்டு வந்தான் என்று பார்ப்பேன். முதல் சந்திப்பு பலத்தைக் காட்டும். இரண்டாவதில்தான் மூளை தெரியும்.

இன்னொரு குழப்பமும் இதில் தீரும். "கடினமான எதிரி" வேறு, "சிறந்த எதிரி" வேறு. சிலருக்குச் சிலருடைய பாணி ஒத்துவராது. மற்ற எல்லாரையும் ஊதித்தள்ளுகிறவன் ஒருத்தனிடம் மட்டும் பாடத்தை மறந்த பிள்ளைபோல நிற்பான்.

பாக்கியாவின் மிகக் கடினமான எதிரி மார்க்கெஸா, மொராலெஸா?

இந்தக் கேள்விக்குத்தான் கடையில் தேநீர்க் கோப்பை உடைந்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிலிப்பைன்ஸின் மனி பாக்கியாவ் 1995இல் 50 கிலோவுக்கும் குறைவான உடம்போடு தொழில்முறைக்கு வந்தவர். 1998இல் தாய்லாந்தின் சட்சாய் சசாகுலை எட்டாம் சுற்றில் வீழ்த்தி ஈ எடைப் பட்டம் எடுத்தார். பிறகு ஒவ்வொரு படியாக ஏறி எட்டு எடைகளில் பட்டம் வாங்கினார், வேறு யாரும் அதைச் செய்ததில்லை. இடக்கைக்காரர். ஆரம்பத்தில் அந்த இடக்கை ஒன்றுதான் அவருடைய சொத்து.

அந்த ஒற்றைச் சொத்தைக் கண்டுபிடித்து வென்றவர் மெக்சிக்கோவின் எரிக் மொராலெஸ். 2005 மார்ச்சில் மூன்று புள்ளி நடுவர்களும் 115-113 என்றே மொராலெஸுக்குக் கொடுத்தார்கள். வெற்றி கைக்குள் வந்த பிறகும் கடைசிச் சுற்றில் தன் நிற்கும் முறையையே மாற்றி, இடக்கைக்காரனைப்போல நின்று குத்துக்குக் குத்து வாங்கிக் கொடுத்தார் மொராலெஸ். கர்வம் என்பீர்கள். எனக்கு அந்தக் கர்வம் பிடிக்கும்.

இப்போது அளவுகோலைப் பிடியுங்கள். 2006 ஜனவரியில் பாக்கியாவ் திரும்ப வந்தபோது வலக்கையும் வேலை செய்தது, உடலுக்கும் குத்து இறங்கியது, கால் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பத்தாம் சுற்றில் நடுவர் நிறுத்தினார். அதுவரை மொராலெஸை யாரும் அப்படி நிறுத்தியதில்லை. அதே ஆண்டு நவம்பரில் மூன்றாம் சுற்றிலேயே முடிந்தது. ஆக மொராலெஸ் ஒரு கேள்வி கேட்டார், பாக்கியாவ் பதில் கண்டுபிடித்தார்.

யுவான் மனுவேல் மார்க்கெஸிடம் அப்படி ஒரு பதில் கிடைக்கவே இல்லை. 2004 மே மாதம் முதற்போட்டி. முதல் சுற்றிலேயே மார்க்கெஸை மூன்று தடவை விழுத்தினார் பாக்கியாவ். வேறு ஆளாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். மார்க்கெஸ் மூக்கில் இரத்தத்தோடு எழுந்து, அடுத்த பதினொரு சுற்றிலும் அந்த இடக்கை எப்போது வரும், அது வெளிக்கிடும்போது தன் வலக்கை எங்கே போகவேண்டும் என்று கணக்குப் போட்டார். முடிவு சமநிலை. இதில் ஒரு வேடிக்கை: மூன்று தடவை விழுந்த சுற்றுக்கு 10-6 (விழுத்தியவனுக்கு 10, விழுந்தவனுக்கு 6) போடவேண்டும், ஒரு புள்ளி நடுவர் 10-7 போட்டுவிட்டார், பிறகு தன் பிழையை ஒத்துக்கொண்டார். அந்த ஒரு புள்ளி சரியாக விழுந்திருந்தால் பாக்கியாவ் வென்றிருப்பார்.

2008 மார்ச்சில் இரண்டாவது. மார்க்கெஸ் மூன்றாம் சுற்றில் ஒருமுறை விழுந்தார், பிளவுபட்ட தீர்ப்பில், அதாவது இரண்டு நடுவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்று, பாக்கியாவ் வென்றார். 2011 நவம்பரில் மூன்றாவதும் பாக்கியாவுக்கே போனது. அரங்கில் இருந்தவர்களில் பாதிப்பேர் கூவினார்கள். நானும் இங்கிருந்தே கூவினேன். பிறகு 2012 டிசம்பர் 8.

எங்கள் நேரத்துக்கு அது ஞாயிறு காலை. மாரி மழை, றோட்டெல்லாம் சேறு. மூன்றாம் சுற்றில் பாக்கியாவ் விழுந்தார், ஐந்தாம் சுற்றில் மார்க்கெஸ் விழுந்தார், கடைக்குள் யாரும் இருக்கையில் இல்லை. ஆறாம் சுற்று நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது திரையில் பாக்கியாவ் முகங்குப்புறக் கிடந்தார். அந்தச் சுற்று முடிய ஒரு வினாடிதான் மிச்சம் இருந்ததாம். உலகம் முழுக்கப் பார்த்த அந்த வலக்கைக் குத்தை நான் மறுநாள்தான் பார்த்தேன். இன்றுவரை என்னைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நான்கு போட்டி, 42 சுற்று. மார்க்கெஸ் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். ஆகவே என் பதில் மார்க்கெஸ். மொராலெஸ் பாக்கியாவை நல்ல குத்துச்சண்டைக்காரர் ஆக்கினார், மார்க்கெஸ் அப்படி ஆன பிறகும் விடவில்லை.

மொராலெஸ், பரேரா, பாக்கியாவ், மூன்று பேரில் யார் மேல்?

இது கல்லு, கத்தரிக்கோல், தாள் விளையாட்டு. 2003 நவம்பரில் பாக்கியாவ் பரேராவைப் பதினோராம் சுற்றில் முடித்தார். ஒரு வருடம் கழித்து, முடிந்துபோனார் என்று எல்லாரும் நினைத்த பரேரா மொராலெஸை வென்றார். நான்கு மாதத்தில் மொராலெஸ் பாக்கியாவை வென்றார். வட்டமாக வரையலாம்.

மார்கோ அந்தோனியோ பரேராவும் மொராலெஸும் மூன்று முறை மோதினார்கள், மூன்று வெவ்வேறு எடைகளில்: 2000, 2002, 2004. ஒருவர் மெக்சிக்கோ தலைநகர்க்காரர், மற்றவர் எல்லையோர ஊரான திஹுவானாக்காரர். உண்மையாகவே ஒருவரை ஒருவர் பிடிக்காது. முதலாவதை மொராலெஸுக்குக் கொடுத்தார்கள், பரேரா வென்றார் என்று பலர் சொல்கிறார்கள். இரண்டாவதை பரேராவுக்குக் கொடுத்தார்கள், மொராலெஸ் வென்றார் என்று பலர் சொல்கிறார்கள். இரண்டு பிழையும் கழிந்து கணக்குச் சரியாகிவிட்டது என்று வையுங்கள். மூன்றாவது பரேராவுக்கு. இந்த இருவருக்குள் நான் பரேரா பக்கம், காரணம் ஒன்றுதான்: முன்னே பாய்ந்து குத்துகிற ஆளாகத் தொடங்கியவர், 2001இல் நசீம் ஹமெட்டை வென்றபோது ஆற அமர நின்று பாடம் எடுக்கிற வாத்தியாராக மாறியிருந்தார். இப்படித் தன்னையே மாற்றுகிறவர்கள் குறைவு.

இனோவேயையும் பாக்கியாவையும் ஒரே எடையில் விட்டால்?

55.3 கிலோவில் விடுங்கள். பாக்கியாவ் 2001இல் தென்னாபிரிக்காவின் லெட்வாபாவை ஆறாம் சுற்றில் நிறுத்திப் பட்டம் எடுத்த எடை அது. இனோவே 2023இல் ஸ்டீபன் ஃபுல்டனை எட்டாம் சுற்றில் நிறுத்தியதும் அதே எடையில். 2001இன் பாக்கியாவ் இன்னும் ஒற்றைக்கை ஆள்தான். அந்த ஆளை இனோவே வெல்வார் என்பது என் எண்ணம். 2006க்குப் பிந்திய பாக்கியாவின் திறமையை அந்த எடைக்குள் அடைக்க முடிந்தால் கதை வேறு, ஆனால் அது நடக்காத விஷயம்.

இனோவேயின் கணக்கைப் பார்ப்போம். ஜப்பான்காரர், 1993இல் பிறந்தவர், பயிற்சியாளர் சொந்தத் தகப்பன். 49 கிலோவில் தொடங்கி நான்கு எடைகளில் பட்டம். சேவல் எடையிலும் அதற்கு மேல் எடையிலும் நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றாகக் கட்டினார், 2022 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும்.

அவரைத் திணறடித்தவர் நொனிட்டோ டொனேர். 2019 நவம்பர், சைத்தாமா அரங்கு. டொனேருக்கு 37 ஆக சில நாட்களே இருந்தன, முடிந்துபோன ஆள் என்று எழுதினார்கள். இரண்டாம் சுற்றில் டொனேரின் இடக்கைக் கொக்கிக்குத்து இனோவேயின் வலக்கண் குழி எலும்பை உடைத்தது. மிச்சப் பத்துச் சுற்றும் எதிரில் இரண்டு டொனேர் தெரிய இனோவே சண்டை பிடித்தார். பதினோராம் சுற்றில் ஈரலைப் பார்த்து ஒரு குத்து, டொனேர் விழுந்தார், எழும்பினார். புள்ளியில் இனோவே வென்றார். 2022 ஜூனில் திரும்ப ஏறினார்கள். இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. முதல்முறை 36 நிமிடம் எடுத்த வேலையை இரண்டாம் முறை ஆறு நிமிடத்துக்குள் முடித்தார். என் அளவுகோலில் இதைவிட உயர்ந்த மதிப்பெண் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. 2024 மே மாதம் தோக்கியோ டோமில் லூயிஸ் நெரி முதல் சுற்றிலேயே அவரை விழுத்தினார்; அதற்கு முன் அவர் விழுந்ததே இல்லை. ஆறாம் சுற்றில் நெரியை முடித்தார். ஒரு வருடம் கழித்து லாஸ் வேகாசில் ரமோன் கார்டெனாசும் விழுத்தினார், எட்டாம் சுற்றில் அவரும் முடிந்தார். இரண்டும் இடக்கைக் கொக்கிக்குத்துதான். சரி, அடுத்து என்ன செய்தார்? 2025 செப்டெம்பரில் அக்மதாலியேவ் என்ற பலமான உஸ்பெக்கிஸ்தான்காரரோடு பன்னிரண்டு சுற்றும் தூரம் வைத்து, உள்ளே வந்து, வெளியே போய், புள்ளியில் வென்றார். நொக் அவுட் இல்லையே என்று கடையில் சிலர் முகத்தைச் சுழித்தார்கள். எனக்கு அது அவருடைய ஆகச் சிறந்த இரவுகளில் ஒன்று.

சொக்கலாத்தீத்தோ என்று ஒருவரைச் சொல்வீர்களே, இனிப்புப் பெயர்?

இனிப்புப் பெயரேதான். நிக்கராகுவாவின் ரோமன் கொன்சாலஸ். அதே நாட்டின் பெரிய சாம்பியன் அலெக்சிஸ் ஆர்குவேயோவின் கீழ் வளர்ந்தவர். ஆர்குவேயோ மூன்று எடைகளில் பட்டம் வைத்திருந்தார், மாணவன் வைக்கோல் எடையில் தொடங்கி நான்காவது எடையிலும் 2016இல் பட்டம் எடுத்து வாத்தியாரைத் தாண்டினார். அழுத்திக்கொண்டே முன்னுக்கு வருவார், ஆனால் காட்டுத்தனமாக இல்லை. ஐந்து குத்துப் போட்டால் ஐந்தும் வெவ்வேறு கோணம்.

46 போட்டி, 46 வெற்றி என்று நின்றவரை 2017 மார்ச்சில் தாய்லாந்தின் ஸ்ரீசகெட் வென்றார். ஸ்ரீசகெட்டின் கதை எங்கள் பெடியளுக்குக் கனக்கப் பிடிக்கும். பாங்கொக்கில் குப்பை அள்ளியவர், காவலாளியாக நின்றவர், தொடக்கப் போட்டிகளில் தோற்றுத் தோற்று வந்தவர். அந்த முதல் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை, கொன்சாலஸ்தான் வென்றார் என்பேன். ஆனால் அதே ஆண்டு செப்டெம்பரில் மறுபோட்டி நடந்தபோது பேச்சுக்கே இடமில்லை, நான்காம் சுற்றில் முடிந்தது. கொன்சாலஸ் எதையும் மாற்றாமல் வந்தார். 47.6 கிலோவில் வேலை செய்த அழுத்தம் 52.2இல் தன்னைவிடப் பெரிய இடக்கைக்காரனிடம் வேலை செய்யவில்லை.

ஆனால் அவருடைய உண்மையான எதிர்ச்சோடி மெக்சிக்கோவின் யுவான் பிரான்சிஸ்கோ எஸ்ட்ராடா. 2012 நவம்பரில் கொன்சாலஸ் வென்றார், அப்போது எஸ்ட்ராடாவைப் பலருக்குத் தெரியாது. எட்டு வருடத்துக்கு மேல் கழித்து, 2021 மார்ச்சில் டாலஸில் இரண்டாவது. இருவரும் சேர்ந்து வீசிய குத்துகள் 2,500க்கும் மேல். பன்னிரண்டு சுற்று, 36 நிமிடம், நீங்களே வகுத்துப் பாருங்கள். பிளவுபட்ட தீர்ப்பில் எஸ்ட்ராடா வென்றார். ஒரு நடுவர் 117-111 என்று போட்டது பெரும் அநியாயம், அவ்வளவு இடைவெளி அங்கே இல்லவே இல்லை. 2022 டிசம்பரில் மூன்றாவதும் எஸ்ட்ராடாவுக்கு, அதுவும் மயிரிழையில். ஸ்ரீசகெட்டிடம் 2018இல் தோற்றுவிட்டு 2019இல் வென்றவரும் இதே எஸ்ட்ராடாதான். இரண்டாம் முறை பரீட்சையில் இவரைப்போல் பாஸ் பண்ணியவர் சின்ன எடையில் இன்னொருவர் கிடைப்பது கடினம்.

ஆனாலும் முழு வாழ்வையும் எடுத்துப் பார்த்தால் கொன்சாலஸைத்தான் மேலே வைப்பேன். அளவுகோல் என்னுடையதுதான், அதற்காக அதற்கு அடிமை இல்லை.

தோற்காமலே ஓய்வுபெற்றவர் யாராவது?

ரிக்கார்டோ லோபெஸ், மெக்சிக்கோ. 51 வெற்றி, ஒரு சமநிலை, தோல்வி இல்லை. அந்த ஒற்றைச் சமநிலையைக் கொடுத்தவர் நிக்கராகுவாவின் ரொசெண்டோ அல்வாரெஸ். 1998 மார்ச்சில், லோபெஸின் சொந்த நாட்டிலேயே, மெக்சிக்கோ தலைநகரில், இரண்டாம் சுற்றில் லோபெஸ் விழுந்தார். பிறகு தலையோடு தலை மோதி வெட்டுக்காயம், ஏழு சுற்றோடு நிறுத்திச் சமநிலை என்றார்கள். நவம்பரில் திரும்ப ஏறி, பிளவுபட்ட தீர்ப்பில் லோபெஸ் வென்றார். 1990இல் லோபெஸ் முதல் பட்டம் பறித்தது ஜப்பானின் ஹிடெயுக்கி ஓஹாஷியிடம். அந்த ஓஹாஷியின் பயிற்சிக்கூடத்தில் இருந்துதான் பிறகு இனோவே வந்தார்.

பழைய ஆட்களில்?

வில்லி பெப், சாண்டி சாட்லர். இறகு எடை, 1948 முதல் 1951 வரை நான்கு போட்டி.

பெப் எப்படிப்பட்டவர் என்று பெடியளுக்கு விளக்க நான் கிளித்தட்டைத்தான் சொல்வேன். மறிக்கிறவன் கை நீட்டும்போது அங்கே ஆள் இருக்காது, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கும். அதுதான் பெப். தொடக்கத்தில் 62 போட்டி தொடர்ந்து வென்றவர். 1947 ஜனவரியில் விமான விபத்தில் முதுகெலும்பும் காலும் உடைந்தன, ஜூனில் திரும்ப மேடையில் நின்றார். 1948 அக்டோபரில் உயரமான, எலும்பும் நரம்புமான சாட்லர் அவரை நான்காம் சுற்றில் வீழ்த்தியபோது யாராலும் நம்ப முடியவில்லை.

1949 பெப்ரவரியில் மறுபோட்டி. முகம் முழுக்க வெட்டு, ஆனால் பதினைந்து சுற்றும் ஓடாமல் ஓடி, நிற்காமல் நின்று பெப் வென்றார். அதன்பின் இரண்டையும் சாட்லர் எடுத்தார். 1950இல் பெப்பின் தோள் விலகியது, 1951இல் ஒன்பதாம் சுற்றோடு எழும்பவில்லை. கடைசிப் போட்டி குத்துச்சண்டை என்பதைவிட மல்யுத்தம், கண்ணில் விரல், கழுத்தில் பிடி. நியூயோர்க் அதிகாரிகள் இருவரையுமே தண்டித்தார்கள். கணக்கில் 3-1 சாட்லருக்கு. பெரிய கலைஞன் பெப் என்றுதான் உலகம் சொல்லும், நானும் சொல்வேன். சாட்லருக்கு இது பெரிய அநியாயம் என்பதும் தெரியும்.

பிரேசிலின் எடெர் ஜொஃப்ரே இன்னொரு விந்தை. வாழ்நாளில் இரண்டே தோல்வி, இரண்டும் ஒரே ஆளிடம்: ஜப்பானின் ஃபைட்டிங் ஹரடா, 1965 நகோயா, 1966 தோக்கியோ. ஹரடா மூச்சுவிட இடம் கொடுக்காமல் குத்திக்கொண்டே இருப்பவர். மற்றவர்களைத் தூங்க வைக்கிற ஜொஃப்ரேயின் குத்துக்குக் கால் ஊன்ற ஒரு கணம் வேண்டும், அந்தக் கணத்தை ஹரடா கொடுக்கவில்லை. "ஒத்துவராத பாணி" என்று மேலே சொன்னேனே, அதற்கு இது நல்ல உதாரணம். ஜொஃப்ரே விட்டுப்போய், 1969இல் திரும்பி, 1973இல் 37 வயதில் இறகு எடைப் பட்டமும் எடுத்தார்.

சைவம் சாப்பிட்டு குத்துச்சண்டை பிடிக்க ஏலுமா?

ஜொஃப்ரே சைவ உணவுக்காரர். வெள்ளிக்கிழமை விரதத்தைச் சாட்டாகச் சொல்லிப் பயிற்சிக்கு வராதவர்கள் கவனிக்கவும்.

சல்வடோர் சாஞ்செஸ் இருந்திருந்தால்?

மெக்சிக்கோக்காரர். 1980இல் 21 வயதில் இறகு எடைப் பட்டம் எடுத்தார். 1981 ஆகஸ்டில் போர்ட்டோ ரிக்கோவின் வில்ஃபிரடோ கோமெஸ் எதிரில். கோமெஸ் அதுவரை வென்ற 32 போட்டியும் நொக் அவுட். சாஞ்செஸ் எட்டாம் சுற்றில் நிறுத்தினார். 1982 ஜூலையில், குறுகிய அவகாசத்தில் வந்த கானா நாட்டின் அசுமா நெல்சன் பதினைந்தாம் சுற்றுவரை அவரை வதைத்தார். கடைசிச் சுற்றில் சாஞ்செஸ் முடித்தார். மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 12ஆம் திகதி, கார் விபத்தில் போய்விட்டார். வயது 23. அந்த நெல்சன் 1984இல் கோமெஸை வீழ்த்திப் பட்டம் எடுத்தார், பிறகு நெடுங்காலம் பெரிய பெயராக நின்றார். சாஞ்செஸ்–நெல்சன் இரண்டாவது போட்டி நடக்கவில்லை. என் அளவுகோலை வைக்க அங்கே இடமில்லை.

பெண்கள் பகுதி எங்கே? தங்கச்சி கேட்கிறாள்.

அயர்லாந்தின் கேட்டி டெய்லரும் போர்ட்டோ ரிக்கோவின் அமண்டா செரானோவும். 2022 ஏப்ரலில் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவேர் கார்டனில் முதன்முதலாகப் பெண்கள் போட்டி ஒன்று தலைமைப் போட்டியாக நடந்தது. அதிலும், 2024 நவம்பரிலும், 2025 ஜூலையிலும் டெய்லர் வென்றார். முதலாவதும் இரண்டாவதும் ஒன்றிரண்டு சுற்று அப்படி இப்படிப் போயிருந்தால் மாறியிருக்கும்.

அமெச்சூர் பக்கத்தில் மணிப்பூரின் மேரி கோம். ஆறு உலகத் தங்கம். 2012 ஒலிம்பிக்கில் அவருடைய இயல்பான எடைக்குப் பிரிவே இல்லை, 51 கிலோவில் ஏறவேண்டி வந்தது. அரையிறுதியில் பிரித்தானியாவின் நிக்கோலா அடம்ஸிடம் தோற்று வெண்கலம். இரண்டு கிலோ மலை என்று சொன்னேனே.

இலங்கையில் யாராவது?

1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டில் (இன்றைய பொதுநலவாய விளையாட்டின் பழைய பெயர்) பார்னி ஹென்ரிகஸ் இறகு எடையில் தங்கம் எடுத்தார், இலங்கைக்கு அந்தப் போட்டிகளில் கிடைத்த முதல் தங்கம் அது. 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாராச்சி சேவல் எடையில் தங்கம் எடுத்தபோது, பெயரில் "வன்னி" இருக்கிறது, எங்கட ஆள்தான் என்று ஒரு பெடியன் சத்தியம் பண்ணினான். இல்லையப்பா என்றேன். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டுத் தங்கம் திரும்பப் போனது. பெடியனும் தன் சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

எடையைக் குறைக்க வெயிலில் ஓடி வேர்வை விடலாமா?

வேண்டாம். சித்திரை வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு இரணைமடு வாய்க்கால் கரையில் ஓடிய ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். தொழில்முறைக்காரர் வைத்தியர், உப்பு, தண்ணீர்க் கணக்கோடு செய்வதிலேயே ஆபத்து இருக்கிறது. பாக்கியாவ் 1999இல் ஈ எடைப் பட்டத்தை முதலில் தராசில் இழந்தார், பிறகு மேடைக்குப் போய் மூன்றாம் சுற்றில் அடியும் வாங்கினார். எங்கள் பக்கத்தில் சிறுநீரக நோய் ஏற்கெனவே பலவீடுகளில் இருக்கிறது. தண்ணீர் குடியாமல் எடை குறைக்கிற விளையாட்டு இங்கே சரிவராது. உங்கள் இயல்பான எடை எதுவோ அதில் பழகுங்கள்.

எந்த நேரத்தில் பார்க்கலாம்?

லாஸ் வேகாஸ் சனி இரவு என்றால் எங்களுக்கு ஞாயிறு காலை எட்டரை, ஒன்பதரைக்கு முக்கிய போட்டி. ஜப்பான் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னால். இனோவே மேடை ஏறுவது பின்னேரத் தேநீர் நேரம். கரண்டுக்கு நான் பொறுப்பில்லை.

டேட்டா கொஞ்சம்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால்?

முழுப் போட்டிக்கு டேட்டா இருந்தால் எஸ்ட்ராடா–கொன்சாலஸ் இரண்டாவது, அல்லது பரேரா–மொராலெஸ் முதலாவது.

அதற்கும் இல்லை என்றால் இஸ்ராயேல் வாஸ்கெஸும் ரஃபாயேல் மார்க்கெஸும். ரஃபாயேல், மேலே சொன்ன மார்க்கெஸின் தம்பி. 2007 மார்ச்சில் வாஸ்கெஸ் மூக்கு உடைந்து ஏழு சுற்றோடு நிறுத்தினார், ஐந்து மாதத்தில் திரும்ப வந்து ஆறாம் சுற்றில் வென்றார். 2008 மார்ச்சில் மூன்றாவது. இந்தச் சண்டைகளுக்கு வாஸ்கெஸ் கொடுத்த விலை பெரிது. பல அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலக்கண்ணை இழந்தார், 2024இல் 46 வயதில் புற்றுநோயில் போய்விட்டார். அதைத் தெரிந்துகொண்டே பாருங்கள். மூன்றாவது போட்டியில், புள்ளியில் பின்தங்கியிருந்த வாஸ்கெஸ் பன்னிரண்டாம் சுற்றுக்கு எழும்பி வருகிற இடத்தில் இருந்து போடுங்கள். மூன்று நிமிடம்தான்.